கட்டில் வாங்கிய கதை

ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம் எட்டு மாதம் நான் தரையில்தான் படுத்தேன். பணம் இல்லாமல் இல்லை. வந்த முதல் வாரம் ஒரு மெத்தை வாங்கிச் சுவரோரம் போட்டேன், அதோடு சரி. கட்டில் வாங்கினால் திரும்பிப் போகும்போது அதை யார் தலையில் கட்டுவது என்ற யோசனை வந்துவிடும். இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அலமாரி, அடுப்பு, சிங்க் எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். எனக்குச் சிங்க் மட்டும் மிச்சம் கிடைத்தது. அதன் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. 23 கிலோ பெட்டிகள் இரண்டில் அடங்காத எதையும் வாங்குவதில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதனால் கிரைண்டரும் இல்லை. இட்லி மாவை மிக்சியில் அரைத்து, அது சூடாகி, இட்லி கல்லாக வருவதையே பழகிக்கொண்டேன்.

2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை, பி.ஆர். அட்டை, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கைக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை கட்டில் வாங்கினேன்.

எப்படிக் கிடைத்தது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். காகிதங்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் காகிதங்களை மட்டும் சொன்னால் அந்த இரண்டரை வருடத்தைச் சொன்னதாக ஆகாது.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மென்பொருள் சோதனை என் வேலை. 2022 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கும் ஓர் ஊருக்கு, புளூ கார்டு என்னும் வேலை அனுமதியில் வந்தேன். அதற்கு அப்போது பட்டமும் ஒரு குறிப்பிட்ட அளவு சம்பளமும் வேண்டியிருந்தது. அந்த வருடம் ஐ.டி. போல ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கு ஆண்டுக்கு 43,992 யூரோ என்று வைத்திருந்தார்கள். நிறுவனம் எனக்கு முதலில் போட்டது இரண்டு வருட ஒப்பந்தம். அட்டையையும் அதையொட்டி, மேலே மூன்று மாதம் சேர்த்து, 2024 ஏப்ரல் 18 வரை கொடுத்தார்கள். அந்தத் தேதி எனக்கு என் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. குளிர்காலத்துக்கு நல்ல கோட்டு வாங்கப் போனால்கூட, இன்னும் எத்தனை குளிர்காலம் என்று விரல்விட்டு எண்ணிவிட்டுத்தான் விலையைப் பார்ப்பேன்.

புளூ கார்டுக்காரர்களுக்கு நிரந்தர அனுமதி சீக்கிரம் கிடைக்கும். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்வு தேறியிருந்தால் 21 மாதம் வேலை பார்த்து, அந்த 21 மாதமும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். பி1 இல்லாமல் ஆரம்ப நிலை மொழியறிவு மட்டும் என்றால் அப்போது 33 மாதம். 2023 நவம்பரில் அதை 27 ஆகக் குறைத்தார்கள். நான் 21-ஐப் பிடித்துக்கொண்டேன்.

கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவதால் எனக்கு ஜெர்மன் காதில் விழுவதே பேக்கரியிலும் ரயில் நிலைய அறிவிப்பிலும்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டரையிலிருந்து பத்துவரை படிப்பேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லாததா என்று நெட்டுரு போட வேண்டும். மேசை ஆண், கதவு பெண், சின்னப் பெண்பிள்ளையைக் குறிக்கும் சொல் இரண்டும் இல்லை. வேற்றுமை உருபு மாத்திரம் தமிழ் தெரிந்தவளுக்குச் சுலபமாகப் புரிந்தது. ஐ, கு என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை இவர்கள் சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச்சொல்லில் காட்டுகிறார்கள் என்று ஒருநாள் பிடிபட்டது. அன்றைக்கு எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

2023 ஜூனில் எழுதினேன். எழுதுதலில் 56. மற்ற மூன்றும் தேறிவிட்டேன். தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பதால் ஆகஸ்டில் மறுபடி போய் 71 வாங்கினேன்.

அப்புறம் ஜெர்மனியின் சட்டம், சமூகம் பற்றிய தேர்வு. குடியுரிமை கேட்பவர்களுக்கு வைக்கும் அதே தேர்வை எழுதினேன். 25 யூரோ கட்டணம், 33 கேள்வி, ஒரு மணி நேரம். மொத்தம் 310 கேள்விகள். 300 பொதுவானவை, 10 நாம் இருக்கும் மாநிலத்தைப் பற்றியவை. எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. குடியுரிமைக்கு 17 சரியாக இருந்தால் போதும். பலர் இரண்டு வாரம் மனப்பாடம் செய்து முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் மாநிலச் சின்னத்தில் ஒரு நதி, ஒரு குதிரை, ஒரு ரோஜா, தலைநகர் டூசல்டோர்ஃப். ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். 1970-ல் போலந்தின் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த இடத்தில், அப்போது மேற்கு ஜெர்மனியின் சான்சலராக (நம்மூர்ப் பிரதமர் மாதிரி) இருந்த வில்லி பிராண்ட் மண்டியிட்டது எதற்காக என்று கேட்கிறது. சரியான விடைக்கு நேரே டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பார்த்தேன். ஈரத் தரை, கறுப்புக் கோட்டு, ஒரு நாட்டின் தலைவர் இரண்டு முழங்காலிலும் உட்கார்ந்திருக்கிறார். அவர் நாஜிகளுக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடியவர், எதிர்த்தவர். அவர் செய்யாத குற்றத்துக்கு அவர் மண்டியிட்டார். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க எனக்குக் காரணம் ஒன்று வேண்டும் என்றால் அந்தப் படத்தையும் சேர்த்துக்கொள்வேன். 33-க்கு 33 வாங்கினேன். ஆச்சியிடம் போனில் சொன்னபோது, "எல்லாம் சரியா? ஒண்ணுகூட விடலியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இதற்கிடையில் நிறுவனம் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கியது. நவம்பரில் விண்ணப்பம் போட்டேன். படிவம், பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், நிறுவனத்தின் உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, இரண்டு தேர்வுச் சான்றிதழ்கள். இவற்றோடு ஓய்வூதியக் காப்பீட்டு வரலாறு என்று ஒன்று. அதை ஓய்வூதிய நிறுவனத்துக்கு எழுதிப்போட்டு வாங்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒவ்வொரு மாதமும் அதில் வரிசையாக இருக்கும். சம்பளத்தில் 9.3 சதவீதம் என் பங்கு, அதே அளவு நிறுவனத்தின் பங்கு. மாதாமாதம் கை மாறும்போது எரிச்சலாக இருந்த பணம், அந்தத் தாளில் "கட்டாயப் பங்களிப்பு" என்று மாதக் கணக்காக நின்றபோது எனக்கு ஒரு சாட்சி மாதிரி தெரிந்தது. யாராவது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் கேட்டு வாங்கிவையுங்கள்.

"உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. டிசம்பர் போனது, பொங்கல் போனது. தொலைபேசியில் அழைத்தால் இசை ஓடிக்கொண்டே இருந்து துண்டித்துவிடும். ஏப்ரல் 18-ம் போனது.

அட்டை காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடரும் என்று சட்டம் சொல்கிறது. வேலை பார்க்கலாம், வீட்டில் இருக்கலாம். ஆனால் அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதன் பெயர் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். பெயரில் உள்ள முதல் பாதிக்குக் கற்பனை என்று பொருள். காலாவதியான என் அனுமதி உயிரோடு இருப்பதாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது, அந்தக் கற்பனைக்கு ஒரு சான்றிதழ் தருகிறது. அது கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்பது சந்தேகம்தான். அந்தக் காகிதத்தைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டிருந்தேன்.

மே 6, திங்கட்கிழமை. விடியற்காலை அப்பா போன் செய்தார். ஆச்சி போய்விட்டாள்.

என்னை வளர்த்தது ஆச்சிதான். அம்மாவும் அப்பாவும் கடைக்குப் போய்விடுவார்கள்; பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆச்சி மடியில்தான். அன்றைக்கு மாலையே எடுத்துவிடுவார்கள், எப்படிப் போனாலும் முகம் பார்க்க முடியாது என்று தெரியும். தெரிந்தும், போகக்கூட முடியாது என்பது வேறு. சித்தப்பா மகன் வீடியோவில் காட்டினான். முற்றத்தில் பந்தல், ஆட்கள் கால்கள், பிறகு சிக்னல் போய்விட்டது. நான் மெத்தையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே வெளிநாட்டினர் அலுவலகத்தின் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு சிரியப் பெண், உக்ரேனிய அம்மாவும் மகளும், ஆப்பிரிக்க மாணவர்கள் இரண்டு பேர். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலாளி சொன்னார். எல்லோருக்கும் அதே பதில். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், என் பாட்டி இறந்துவிட்டார், என் அட்டை முடிந்துவிட்டது, ஐந்து மாதமாகப் பதில் இல்லை என்று சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. பி1 தேர்வில் எழுதுதலில் தோற்றவள் அன்றைக்கு ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் பேசினேன் என்று நினைக்கிறேன். உள்ளே போய்க்கொண்டிருந்த ஓர் அலுவலர், நாற்பது வயதிருக்கும், நின்று கேட்டார். என் பெயரையும் பிறந்த தேதியையும் கையில் இருந்த உறையில் எழுதிக்கொண்டார். "என்னால் இன்றைக்கு முடியாது. ஆனால் மறக்க மாட்டேன்" என்றார். மறக்கவில்லை. மே 15 அன்று கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்.

இந்த அலுவலகங்களில் ஆள் போதவில்லை என்பது எனக்கும் தெரியும். என் கோபம் அந்த அலுவலர்மீது இல்லை. ஒரு தாளை அச்சடித்துத் தர ஒரு சாவு வேண்டியிருந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை. அந்த வரிசையில் இருந்த மற்ற முப்பது பேரை நினைத்தாலும் ஆறவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அது மே 21. ஆச்சியின் கட்டிலை வெளியே எடுத்துக் கழுவித் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கயிற்றுக் கட்டில். வெயில் காலத்தில் அதை முற்றத்தில் போட்டு நானும் அவளும் படுப்போம்.

திரும்பும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பயந்தது நடந்தது. கவுண்டரில் இருந்த பையன் காலாவதியான அட்டையையும் மடித்த அந்தத் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். எல்லாம் ஜெர்மனில் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் பெருக்கல் குறி இருக்கிறதே, அப்படியென்றால் திரும்பி நுழையலாம் என்று விளக்கினேன். அவன் கணினியில் தேடினான், மேலாளரைக் கூப்பிட்டான், அவர் யாருக்கோ போன் செய்தார். ஐம்பது நிமிடம் ஓரமாக நிற்கவைத்தார்கள். என்னைவிடக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அப்பாதான் பாவம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் விட்டார்கள்.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. ஆகஸ்டில் அழைப்பு வந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகை, ஒரு கையெழுத்து, 113 யூரோ. அட்டை பெர்லினில் அச்சாகி வந்தது. செப்டம்பரில் போய் வாங்கினேன். உள்ளே இருந்தது மொத்தம் ஏழு நிமிடம்.

அட்டையில் எழுதியிருக்கும் சொல் நீடர்லாசுங்ஸ்எர்லாவுப்னிஸ். நாம் நிரந்தரக் குடியிருப்பு என்கிறோம். ஜெர்மனில் நிரந்தரம் என்ற சொல்லே அதில் இல்லை, "குடியமரும் அனுமதி" என்றுதான் இருக்கிறது. பறவை கிளையில் வந்து அமர்வதற்கும் இதே வினைச்சொல்தான். பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். ஏனென்றால், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இந்த நாட்டைவிட்டு வெளியே இருந்தால் இந்த அனுமதி தானாகவே போய்விடும். நீண்ட நாள் போவதென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கும் போகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். வேலை போனால் நாடும் போகும் என்ற பயம் அந்த ஒரு வரியில் முடிந்தது.

அன்று மாலை கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். கதவைத் திறந்ததுமே, "என்ன பிள்ளை, காட் வந்திட்டுதோ?" என்று கட்டிக்கொண்டார். அங்கிள் அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய காகிதங்கள் வைத்த ஃபைல் ஒன்றை எடுத்துவந்தார்.

அவர் 1985-ல் வந்தவர். அப்போது அவருக்கு வயது 22. கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். அந்தக் காலத்தில் ஈழத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்த வழி அது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்பவும் இல்லை. டூல்டுங் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். "பொறுத்துக்கொள்கிறோம்" என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒதுக்கிய மாவட்டத்தைவிட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது. பக்கத்து ஊரில் இருந்த தம்பியைப் பார்க்கப் போய் அபராதம் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு தாளையும் வரிசையாக வைத்திருந்தார், முத்திரைமேல் முத்திரை. "எனக்குப் பதின்நாலு வருசம் எடுத்தது பிள்ளை. அம்மா செத்ததுக்கும் போகேலாமல் போச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கேசரியில் முந்திரி நல்லா வறுபட்டிருக்கு என்றும் அதே குரலில் சொன்னார்.

எனக்கு இரண்டு வருடம் எட்டு மாதம், அவருக்கு 14 வருடம். நான் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள் என்பதால் எனக்கு ஒரு கதவு. வீடு எரிந்து ஓடிவந்தவருக்கு வேறு கதவு. இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு எனக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் சைக்கிள் தூரத்தில் கிடைக்கிறது என்றால், ஹாம் நகரில் ஒரு தொழிற்பேட்டை நடுவே 17 மீட்டர் ராஜகோபுரத்தோடு காமாட்சியம்பாள் கோவில் நிற்கிறது என்றால், அதெல்லாம் அந்தத் தாள்களோடு இருந்தவர்கள் செய்தது. அந்தக் கோவிலுக்கு 2002-ல் கும்பாபிஷேகம். தேர்த் திருவிழாவில் அம்பாளைப் பக்கத்துக் கால்வாய்க்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் ஆடவைப்பார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏட்டி, அப்ப இனி நீ அந்த ஊர்க்காரியா?" என்றாள். இல்லை, பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான் என்றேன். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனியில் ஐந்து வருடத்திலேயே குடியுரிமை கேட்கலாம், பழைய குடியுரிமையை விடச் சொல்லி இவர்கள் கேட்பதில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். எனக்கு இப்போதைக்கு இந்த அட்டை போதும். அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. "நினைச்ச நேரம் வரலாம் போகலாம்மா" என்றேன். "அது போதும்" என்றாள்.

சனிக்கிழமை அங்கிளின் மகன் வேன் எடுத்துவந்தான். பைன் மரக் கட்டில், 64 கிலோ, மூன்று அட்டைப் பெட்டி. நானும் அவனும் மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். ஒரு திருகாணியைத் தலைகீழாகப் போட்டுக் கழற்றி மறுபடி மாட்டி, முடிக்க ராத்திரி பத்து ஆனது. சமையலறை அலமாரி நவம்பரில் வந்தது. கிரைண்டர் தீபாவளிக்கு.

போன வருடம் ஆச்சியின் முதல் திதிக்குப் போய்வந்தேன். பழைய பயத்தில் எல்லாக் காகிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு நான்கு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்டாள்.

இந்தக் கோடையில் அம்மா வருகிறாள். ஹாம் தேருக்கு அவளைக் கூட்டிப்போவதாக அன்ரி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். என்ன கொண்டுவர என்று அம்மா தினமும் கேட்கிறாள். வத்தல், மாவடு, ஆச்சியின் படம் என்று மூன்று சொல்லியிருக்கிறேன். கட்டில் அவளுக்கு. பழைய மெத்தையை இன்னும் தூக்கிப் போடவில்லை, சுருட்டி அலமாரிமேல் வைத்திருக்கிறேன். நான் அதில் படுத்துக்கொள்வேன்.